முசோபோ வீட்டுக் குதிர்

எங்கள் மலையில் ஒரு வீட்டில் கத்திக்கு நின்ற பொம்பளை ஒருத்தியாவது இல்லையென்றால், அந்த வீட்டு அடுப்பு அடுத்த வீட்டுக்காரியின் தயவில்தான் எரியும். குதிரில் ஏறிச் சோளம் எடுக்க அவள் வேண்டும். தொழுவத்துக்குள் போய்ச் சாணி அள்ள, பால் கறக்க, எல்லாவற்றுக்கும் அவள் வேண்டும். கத்திக்கு நிற்காதவள் கை குதிருக்குள் போனால் சோளத்தில் வண்டு விழும், தொழுவத்துக்குள் போனால் பசுவின் மடி வற்றும் என்பார்கள். அவளுக்கு மூன்று பிள்ளை பிறந்திருந்தாலும் சரி, தலை நரைத்திருந்தாலும் சரி, ஊருக்கு அவள் சின்னப்புள்ளதான்.

கத்திக்கு நிற்பது என்று நாங்கள் நாசூக்காகச் சொல்வது வேறொன்றுமில்லை. பெண்ணுக்குத் தொடை நடுவே கடவுள் வைத்ததை அறுத்து எறிவது. இரட்டைப்படை வருஷத்து டிசம்பர் பிறந்துவிட்டால் சலங்கை கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடெல்லாம் ஆடிப் போவார்கள். கடைசி நாள் காலையில் ஊர் பார்க்க, கண் இமைக்காமல் நிற்க வேண்டும். முகம் சுளித்தால் ஏழு தலைமுறைக்கும் ஏச்சு. நான் நின்றபோது எனக்குப் பதினேழு வயது. சுளிக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

முசோபோவின் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு வாழை வரிசைதான். அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் செசாங். கீழே டவுனில், பிரசவ வார்டில் ஆயா வேலை. இளையவள் யெக்கோ. கைப்பிள்ளைக்காரி, வீட்டோடு இருப்பவள். இரண்டு பேருமே கத்திக்கு நிற்காதவர்கள்.

யெக்கோ நிற்காததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவள் முறை வந்த வருஷம் வயிற்றில் பிள்ளை இருந்தது, அதனால் நிற்பது தட்டிப்போயிற்று. செசாங் கதை அப்படியில்லை. பதினாறு வயதில் ஆட்டக்கூட்டம் வாசலுக்கு வந்தபோது பின்பக்கமாக ஓடி, மூங்கில் காட்டுக்குள் இரண்டு நாள் கிடந்தவள் அவள். இன்றைக்கும் ஓட்டம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் ஏதாவது ஒரு ஊருக்கு ஏறிவிடுவாள். மேடை கிடையாது, மைக் கிடையாது. கையில் ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டு, நடுவில் பஞ்சருக்கு ஒட்டுப் போட்டது. அதைக் கூட்டத்தில் யார் கையிலாவது கொடுப்பாள்.

"இழுத்துப் பாருங்க. ரப்பர் நீளுது. ஒட்டுப் போட்ட எடம் நீளுதா? நீளாது. பக்கத்துல கிழியும். புள்ள தலை வர்ற வழியில இப்படி ஒரு ஒட்டு இருந்தா என்ன ஆகும்? அந்த வார்டுல தரை தொடைக்கிறவ நான். என்கிட்டக் கேளுங்க."

கேட்கிறவர்களும் உண்டு, சோளக்கட்டையை விட்டெறிகிறவர்களும் உண்டு. ஒருமுறை சாணியே எறிந்தார்கள். துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அடுத்த ஞாயிறும் போனாள். அப்படி ஒன்பது ஊரில் பேசியிருக்கிறாள். அவள் பேச்சைக் கேட்க நான் ஒரு நாளும் போனதில்லை. எனக்கு யாரும் டியூப்பை இழுத்துக் காட்ட வேண்டாம். என் முதல் பிரசவம் அந்த வார்டில்தான், இரண்டு நாள். பிள்ளை நீலம் பாரித்து வந்தது. கிழிந்து கிடந்த என்னைக் கழுவித் துடைத்தது செசாங். அப்போது அவள் கல்யாணமாகாத பெண், வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊருக்கு நான் காய்ச்சலில் பிள்ளை போனது என்று சொல்லிக்கொண்டேன். ஒன்பது ஊரில் பேசியவள் என் பெயரை ஓரிடத்திலும் எடுத்ததில்லை.

ஆகஸ்டில் அவர்கள் மாமியார்க்காரி செலிமோவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அந்த வீட்டில் கத்திக்கு நின்றவள் அவள் ஒருத்திதான். மறுநாளே மாமனார் முசோபோ தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கமுரோன் அம்மா, இனிமே எங்க குதிரும் தொழுவமும் உன் பொறுப்பு. வீட்டுல ரெண்டு பேரு இருக்காளுக, ரெண்டும் சிறுசுக."

"மூத்ததுக்கு முப்பத்தாறு வயசு மாமா."

"வயசு கெடக்கு. சிறுசு சிறுசுதான்."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. என் புருஷன் என்னை மதித்ததில்லை, மகன் கமுரோன் பதினைந்து வயதிலேயே பதில் பேசுகிறான். ஆனால் அடுத்த வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் வர்றீங்களா?" என்று வாழை வரிசைக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். நான் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெதுவாகத்தான் போவேன். படி வெட்டிய ஒற்றைக் கட்டை ஏணியில் ஏறி, கூரை மூடியைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு, உள்ளே குனிந்து சோளக்கதிர்களை ஒவ்வொன்றாகக் கீழே போடுவேன். மேலே இருந்து பார்த்தால் எல்லார் உச்சந்தலையும் தெரியும்.

செப்டம்பரில் மழை ஓயாமல் பெய்தது. காபித் தோட்டத்துச் சரிவில் மூட்டையோடு சறுக்கி விழுந்தேன். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சாணி அள்ளலாம், பால் கறக்கலாம், அதெல்லாம் ஒருமாதிரி சமாளிக்கிற வேலை. ஏணி ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, வேலைக்குக் கிளம்பு முன் செசாங் கூடையோடு வந்து நின்றாள். சுற்றும்முற்றும் பார்த்தேன். ஆளில்லை.

"ஏ செசாங், நீ ஏறு. நான் ஏணியப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நிக்கிறேன். யாராவது வந்தா இருமுறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னக்கா, சோளத்துல வண்டு விழாதா?"

"விழுந்தா உங்க சோளத்துலதான விழும், எனக்கென்ன?"

"ஏறுறதுன்னா எல்லாரும் பாக்க ஏறணும்க்கா. திருட்டுத்தனமா ஏறிட்டு ஞாயித்துக்கிழம நான் என்னத்தப் பேச?"

"பாக்க ஏறுனா ஒங்க மாமனாரு இன்னிக்கே ஒன்ன அப்பன் வீட்டுக்கு வெரட்டிருவாரு. ஒங்க அத்தைக்குப் பீ மூத்திரம் யாரு அள்ளுவா? உள்ள புள்ளைங்க பசியில கத்துறது கேக்குதா இல்லியா? ஏறுடி."

ஏறினாள். மரம் ஏறிப் பழகியவள் மாதிரி விறுவிறுவென்று ஏறினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. இரண்டு நாளைக்கொருமுறை விடியலில் அவள் ஏறுவாள், நான் ஏணியைப் பிடிப்பேன், பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடப்பேன். வண்டு விழவில்லை. மாவு வழக்கம்போல் வெள்ளையாகத்தான் இருந்தது. முசோபோ வழக்கம்போல் களி இரண்டு உருண்டையும் அவரைக்காய்க் குழம்பும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார். யெக்கோவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று செசாங்கின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். யெக்கோவுக்கு வாயில் ஒன்றும் தங்காது. விஷயம் வெளியே வந்தால் என் மானம் போய்விடும்.

நவம்பரில் ஒரு நாள் நடுமத்தியானம் யெக்கோவின் அப்பா வந்தார். கீழ்ச்சரிவு ஊரிலிருந்து அரை நாள் நடந்து, சம்பந்தி அம்மாளுக்குக் கொடுக்கக் கக்கத்தில் ஒரு கோழியோடு வந்திருந்தார். வீட்டில் மாவு ஒரு பிடி இல்லை. செசாங் வேலைக்குப் போயிருந்தாள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு யெக்கோ ஓடி வந்தாள். நான் மூன்று பொம்பளைகளோடு காபிப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எங்கப்பா வந்துருக்காரு. கொஞ்சம் வந்து ஏறிக் குடுங்களேன்."

முழங்கால் அன்றைக்கு மடங்கவேயில்லை. அதைச் சொன்னால் இத்தனை நாள் யார் ஏறினது என்று அந்த மூன்று பேரும் கேட்பார்கள். அதனால் வாயைத் திறந்தேன்.

"ஏ சின்னப்புள்ள, ஒங்கப்பனுக்குத் தாய்ப்பால் குடுத்து அனுப்பு. அதுக்குக் குதிர் ஏற வேண்டாம்ல?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி, "எப்பத்தான்டி பெரிய மனுசி ஆவ?" என்றாள். யெக்கோ முதுகுப் பிள்ளையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றாள். "இத உரிச்சு முடிச்சுட்டு வர்றேன், போ" என்றேன். மகன் வந்ததும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போனபோது பெரியவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். "பரவால்ல மகளே" என்று ஒரு சுரைக்குடுக்கை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, பெண் கொடுத்த வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு இறங்கிப் போயிருக்கிறார். கோழி மட்டும் காலைக் கட்டி வாசலில் கிடந்தது.

அன்று சாயங்காலமே யெக்கோ ஆட்டக்கூட்டத்துத் தலைவி செமாயெக்கிடம் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். டிசம்பரில் கத்திக்கு நிற்கப்போகும் எட்டுப் பேரில் எட்டாவது பெயர். புருஷன் சட்யாவிடம் அவள் கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போய்விட்டான். மலை முழுக்கச் சிரிப்பு. ஒன்பது ஊருக்கு உபதேசம் செய்தவள் வீட்டிலேயே ஒருத்தி சலங்கை கட்டுகிறாள் என்றால் சிரிக்க மாட்டார்களா? அந்த ஞாயிறு பத்தாவது ஊருக்குப் போன செசாங்கைப் பேசவே விடவில்லையாம். "போயி ஒன் வீட்டுப் பொம்பளைய மொதல்ல நிறுத்து" என்று பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மூவரும் அவர்கள் வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். வெயில் அப்போதுதான் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. செசாங் தொண்டையைச் செருமினாள்.

"யெக்கோ, புள்ள பெத்தவ நீ. அந்த எடத்துல இப்பக் கத்தி பட்டா ரத்தம் நிக்காது. போன தடவ நாலு பேரத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேருதான் நடந்து திரும்பிப் போனாங்க. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க அண்ணி. உங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, பேச ஊரு இருக்கு. காலையில இறங்குனா சாயந்திரந்தான் இந்த வாசலுக்கு வர்றீங்க. நாள் பூரா இங்க கெடக்கறவ நான்."

"செத்துப்போனா?"

"எங்கப்பாவுக்கு ஒரு வாய் களி போட முடியாம உசுரோட இருக்கேன், இது பரவால்லியா?" அவள் சோளக்கட்டையைத் தூக்கி எறிந்தாள். "ஒம்பது ஊருல பேசுறீங்க. நம்ம வாசல்ல ஒரு கூடை சோளம் எடுக்க முடியுமா உங்களால? முடியாதுல்ல? அப்பப் பேசாதீங்க."

செசாங் வாயைத் திறந்தாள். நான் குனிந்தபடியே அவள் காலை அழுத்தி மிதித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, ஆனால் காலையும் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

கத்திக்குப் போகிறவளை வழியனுப்பக் கொமேக் காய்ச்ச வேண்டும். ஒரு பெரிய பானை சோள மது, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து நீண்ட நாணல் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். அந்தச் சோளம் புருஷன் வீட்டுக் குதிரிலிருந்து, கத்திக்கு நின்றவள் கையால் வர வேண்டும். முசோபோ என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். விடியலில் போனேன். செசாங் ஏணியடியில் காத்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற மாட்டாள், சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏறுறேன்க்கா. பிடிங்க" என்றாள்.

"இது அவள வழியனுப்புற பானைக்கு எடுக்கிற சோளம்டி."

"தெரியும். பானை தொறக்குற அன்னிக்கு நான் சொல்லிருவேன். எல்லாரும் இருக்கும்போது சொல்லுவேன். உங்களக் காட்டிக்குடுக்கணும்னு இல்ல. ஆனா உங்கள கேப்பாங்க. பொய் மட்டும் சொல்லிராதீங்க, அது போதும்."

"என்னைய ஊரு துப்பும்டி."

"ஆமாக்கா, துப்பும்."

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை, ஏறிவிட்டாள். அதற்கப்புறம் பானை புளித்த அத்தனை நாளும் எனக்கு வேறு நினைப்பில்லை. பொய் சொன்னால் யெக்கோ போவாள். உண்மையைச் சொன்னால் நான் போவேன். படுத்தாலும் எழுந்தாலும் இதே கணக்குத்தான்.

ஞாயிறு மத்தியானம் பானை திறந்தார்கள். முற்றத்தில் ஆறேழு பெரியவர்கள். எல்லாருக்கும் மூத்த கிழவர் செமோங்கெஸ், பல் ஒன்றும் கிடையாது, நாணல் குழாயை ஈறால் கவ்விக்கொண்டார். பொம்பளைகள் வாழை நிழலில் நின்றோம். யெக்கோ காலில் சலங்கை, நெற்றியில் மாவு. மறுநாள் காலையில் ஆட்டக்கூட்டம் வந்து அழைத்துப் போகும், செவ்வாய் விடிந்தால் கத்தி. படுக்கையிலிருந்த செலிமோவைக்கூடத் தூக்கி வந்து சுவரில் சாய்த்திருந்தார்கள். எல்லாரும் முதல் இழுப்பு இழுத்து முடித்ததும், வழக்கப்படி முசோபோ எழுந்து கேட்டார்.

"சோளம் எடுத்த கை யாருது?"

'நின்றவள் கை' என்று நான் சொல்ல வேண்டும்.

"என் கை மாமா" என்றாள் செசாங்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் நிழலை விட்டு முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"இந்தப் பானைச் சோளம் மட்டுமில்ல. செப்டம்பர்லேருந்து இந்த வீட்டுல வெந்த களி அத்தனைக்கும் குதிர்ல ஏறுனது நான்தான். வண்டு விழுந்துச்சா? யாருக்காவது வயிறு வலிச்சுச்சா? சொல்லுங்க."

"பொய்!" முசோபோவின் தடி தரையில் இடித்தது. "கொழுந்தன் பொண்டாட்டி பெரியவளாகுறது பொறுக்கல இவளுக்கு. கெடுக்கணும்னு சொல்றா. கமுரோன் அம்மா, நீ சொல்லு. ஏறுனது நீதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செசாங் மட்டும் பார்க்கவில்லை. தலையை ஆட்டினால் போதும், சாகிறவரை நான் பெரிய மனுசி. எதிரே யெக்கோ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே என் வாயைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பிள்ளை இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு சப்பியது. எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம்.

"அவ சொல்றது நெசம். ஏணியப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நின்னது நான்."

"நீயா? நின்னவ நீ! ஒனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?"

"நின்னேன் மாமா. மொகம் சுளிக்காம நின்னேன். கைதட்டுனீங்க, ஒரு கெடா வெட்டுனீங்க. அப்பறம் என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? எம் மொதப் புள்ள காய்ச்சல்ல போகல. ரெண்டு நாள் வழியிலயே மாட்டிக்கிட்டு மூச்சுமுட்டிச் செத்துச்சு. நீங்க அறுத்த எடம் அதுக்கு வழி விடல. என்னையக் கழுவிவிட்டவ இவதான். இவளப் போயிச் சின்னப்புள்ளங்கிறீங்க. போங்க மாமா."

இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை இப்படி முற்றத்தில் போட்டுவிட்டேன். என் புருஷன் எழுந்து போய்விட்டான். பொம்பளைகள் கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, நிறையப் பேர்.

ஒரு பெரியவர் குழாயைத் தூர எறிந்தார். "தீட்டு! குதிர்ல இருக்கற சோளம் அத்தனையும் பள்ளத்துல கொட்டணும். ஆடு வெட்டிக் கழுவணும்."

"கொட்டுங்க" என்றாள் செசாங். "என் கை பட்டது கெட்டதுன்னா ஒரு மணி விடாமக் கொட்டுங்க. நானே ஏறித் தள்ளிவிடுறேன். இன்னிக்கே எங்கப்பா வீட்டுக்கும் போயிர்றேன். ஆனா மூணு மாசமா உங்க வயித்துக்குள்ள போனத என்ன பண்ணப்போறீங்க மாமா?"

முசோபோ குதிர்ப் பக்கம் திரும்பினார். ஒரு வருஷத்து உழைப்பு அது. அவரும் இரண்டு பிள்ளைகளும் மழையில் நனைந்து சுமந்து நிரப்பியது. பார்த்துக்கொண்டே இருந்தாரே தவிரக் கொட்டச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கிழவர் செமோங்கெஸ் இதற்கெல்லாம் குழாயை விடவேயில்லை. "நல்லாத்தானே புளிச்சிருக்கு" என்றார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

"மூணு மாசமா?"

யெக்கோ. சலங்கை சத்தம் கேட்க எங்கள் நடுவில் வந்தாள். முகத்தில் மாவு கோடுகோடாக வழிந்தது.

"மூணு மாசமா ஏறி எடுத்துக்கிட்டு இருந்தீங்க. நான் கூடையப் பிடிச்சுக்கிட்டு வாசல் வாசலா நின்னேன். எங்கப்பா பச்சத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரே, அன்னிக்கு ராத்திரிகூட நீங்க சொல்லல. ஒம்பது ஊருக்குச் சொன்னீங்க அண்ணி. ஒரே அடுப்புல சமைக்கிற எனக்குச் சொல்லலியே!"

செசாங் என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"தப்புதான் யெக்கோ. நான் பயந்துட்டேன். ஊருக்கெல்லாம் பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு, சொந்த வாசல்ல பயந்துட்டேன். அதுக்கு நீ என்னைய என்ன வேணா பேசு. அடிக்கக்கூடச் செய். ஆனா அந்தக் கோவத்துக்கு ஒன் ஒடம்பக் குடுத்துறாத."

யெக்கோ என் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"முழங்காலு..." என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் காறித் துப்பவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சலங்கையை அவிழ்த்தாளா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் கலைந்து போகும்போது, இனி என்னை எந்த வீட்டுக் குதிருக்கும் தொழுவத்துக்கும் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கள் காலை ஆட்டக்கூட்டம் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே ஏழு பேர், முகமெல்லாம் மாவு. முன்னால் விசிலோடு செமாயெக். செசாங் வேலைக்குப் போகாமல் வேலிப் படலருகே நின்றாள். நான் வாழை வரிசையைத் தாண்டி அவள் பக்கத்தில் போய் நின்றேன். போகாமல் வீட்டில் இருக்க முடியவில்லை.

"ஏ யெக்கோ! வாடி வெளிய! வெயில் ஏறுது!"

யெக்கோ வந்தாள். வெறுங்கால், நெற்றி கழுவியிருந்தது.

"என் பேர எடுத்துருங்க."

"பாருங்கடி, பயந்துட்டா!"

"பயந்துதான் பேரு குடுத்தேன். இப்பப் பயம் போயிருச்சு, அதான் எடுக்கச் சொல்றேன்."

"காலம் பூரா சின்னப்புள்ளையாவே கெட. ஒம் புருஷன் நல்ல பொம்பளையாப் பாத்து இன்னொருத்தியக் கட்டுவான்."

யெக்கோ வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏங்க, இன்னொருத்தியக் கட்டுவீங்களா?"

உள்ளேயிருந்து சட்யாவின் குரல் வந்தது. "காலங்காத்தால என்னைய எதுக்கு இழுக்குற?"

ஆட்டக்காரிகளே சிரித்துவிட்டார்கள். செமாயெக் மட்டும் சிரிக்கவில்லை. தொழுவத்தைக் காட்டினாள். விடிந்து இவ்வளவு நேரமாகியும் கறக்க ஆளில்லாமல் பசு கத்திக்கொண்டிருந்தது.

"சரிடி. அதக் கறக்க யாரு வருவா? இந்த நொண்டியையும் ஊரு வெலக்கிருச்சு. மடி வெடிச்சுச் சாகட்டும் பசு."

யெக்கோ உள்ளே போய்க் கறவைக் குடுக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். தொழுவ வாசலில் முசோபோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் தடி. யெக்கோ அவர் முன்னால் போய் நின்றாள். இப்போது தடி எழும் என்று நினைத்து நான் செசாங்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். கிழவர் அவளை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. காலை மட்டும் மடக்கிக்கொண்டார். அவள் உள்ளே போனாள்.

அவளுக்குக் கறக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்து மடியைத் தொட்டவளில்லை. பசு ஒரு உதை விட்டது. முதல் பீய்ச்சு மண்ணில் போயிற்று, இரண்டாவது அவள் மூஞ்சியில். செமாயெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கை பரபரத்தது. "கட்டை விரல மடக்காதடி, மேலேருந்து உருவு!" என்று வேலியிலிருந்தே கத்தினேன். கொஞ்ச நேரத்தில் குடுக்கைக்குள் பால் விழுகிற சத்தம் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியது.

நுரை ததும்பக் கொண்டு வந்து வேலிக்கு மேலே நீட்டினாள்.

"குடிச்சுட்டுப் போங்க. நாள் பூரா ஆடணும்."

செமாயெக் தரையில் துப்பினாள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். வரிசையில் கடைசியாக ஒரு பெண் நின்றாள், பதினெட்டு வயதிருக்கும், எந்த ஊர்க்காரியோ. விடியலிலிருந்து ஆடி வந்தவள், மாவு காய்ந்து உதடு வெடித்திருந்தது. அவள் கண் குடுக்கையை விட்டு நகரவில்லை. இரண்டடி முன்னால் வந்தாள்.

"தொடாத! தொட்டா ஒன்னையச் சேத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். குடித்தாள். கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். செமாயெக் விசிலை ஊதி ஊதிப் பார்த்தாள், கத்தினாள், வண்டை வண்டையாகத் திட்டினாள். அந்தப் பெண் குடுக்கையைக் கீழே இறக்கவேயில்லை. செசாங் வேலிப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்காக்கா?"